பழைய வெள்ளி டாலர்களில் அச்சு வகைகளை அறிவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க வெள்ளி டாலர்களைச் சேகரிக்கத் தொடங்கும் நண்பர்கள் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கும் கேள்விகளை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானவை 1878 முதல் 1904 வரையிலும் மீண்டும் 1921இலும் அச்சிடப்பட்ட மோர்கன் டாலரைப் பற்றியவை. அதை அடுத்து வந்த பீஸ் டாலருக்கும் ஓரிடத்தில் பதில் உண்டு. கேள்விகள் எளியவற்றிலிருந்து கடினமானவற்றுக்குச் செல்வதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

ஒரே ஆண்டு, ஒரே நாணயச்சாலை. பிறகு எப்படி இரண்டு காசும் வேறு வேறு வகை ஆகும்?

ஆண்டும் நாணயச்சாலையும் ஒன்றாக இருக்கலாம், ஆனால் அச்சு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அச்சு என்பது உருவம் குழிவாகவும் இடவலம் மாறியும் செதுக்கப்பட்ட எஃகுத் துண்டு. முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று என இரண்டு அச்சுகளுக்கு நடுவே வெற்று வெள்ளி வில்லையை வைத்து அழுத்தும்போது நாணயம் பிறக்கிறது. மோர்கன் டாலர்கள் மொத்தத்தில் 65 கோடிக்கு மேல் அச்சிடப்பட்டன. ஓர் அச்சு தேய்ந்தோ உடைந்தோ போகும்போது அடுத்ததை மாட்டுவார்கள் என்பதால், ஒரே ஆண்டில் ஒரே இடத்தில் பல அச்சுகள் உழைத்திருக்கும்.

அந்த அச்சுகளுக்கிடையே நிலையாகக் காணப்படும் வேறுபாட்டைத்தான் அச்சு வகை என்கிறோம். "நிலையாக" என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். கொழுக்கட்டை அச்சில் ஒரு கீறல் விழுந்திருந்தால் அதிலிருந்து வரும் ஒவ்வொரு கொழுக்கட்டையிலும் அதே இடத்தில் ஒரு புடைப்பு இருக்கும். நாணயமும் அப்படித்தான். அச்சில் உள்ள பள்ளம் நாணயத்தில் மேடாகவும், அச்சில் உள்ள மேடு நாணயத்தில் பள்ளமாகவும் வரும். இனி வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒரு விதியின் மேல் நிற்கின்றன.

மற்ற நாணயங்களைவிட மோர்கன் டாலரில் ஏன் இத்தனை வகைகள்?

ஜார்ஜ் மோர்கன் வடிவமைத்த உருவம் (முன்பக்கம் லிபர்ட்டி தேவியின் தலை, பின்பக்கம் கழுகும் மாலையும்) மூல அச்சிலிருந்து ஒவ்வொரு அச்சுக்கும் அழுத்தி மாற்றப்பட்டது. ஒரே அழுத்தத்தில் உருவம் முழுமையாக இறங்காது என்பதால், எஃகைச் சூடேற்றி இளக்கி மீண்டும் மீண்டும் அழுத்தினார்கள். இரண்டாம் முறை மயிரிழை விலகினாலும் உருவம் இரட்டித்துவிடும். இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம், ஆண்டு எண்ணும், எந்த நாணயச்சாலையில் அச்சிட்டது என்று காட்டும் எழுத்தான நாணயச்சாலைக் குறியும் உருவத்தோடு சேர்ந்து வரவில்லை என்பது. ஒவ்வோர் அச்சிலும் அவற்றைக் கையால் தனியாகப் பதித்தார்கள். ஆகவே எண் சற்று இடப்பக்கம் நகர்ந்திருக்கும், அல்லது சாய்ந்திருக்கும், அல்லது இரு முறை பதிந்திருக்கும். சான் பிரான்சிஸ்கோ (குறி எஸ்), நியூ ஆர்லியன்ஸ் (ஓ), கார்சன் சிட்டி (சிசி) ஆகிய கிளைகளுக்குரிய அச்சுகளையும் பிலடெல்பியாவில்தான் செய்து, குறியைப் பதித்து அனுப்பினார்கள். பின்னால் வரும் ஓ, சிசி குழப்பத்துக்கு இதுதான் வேர்.

வாம் எண் என்கிறார்களே, அது என்ன? எண் சிறியதாக இருந்தால் அரிய வகையா?

லெராய் வான் ஆலன், ஜார்ஜ் மாலிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் மோர்கன், பீஸ் டாலர்களின் அச்சு இணைகளை ஆராய்ந்து எண்ணிட்டுப் பட்டியலிட்டார்கள். அவர்களுடைய பெயர்களின் தலைப்பெழுத்துகளே "வாம்" ஆயின. ஒரு வாம் எண் குறிப்பது ஒரு குறிப்பிட்ட முன்பக்க அச்சும் ஒரு குறிப்பிட்ட பின்பக்க அச்சும் சேர்ந்த இணையை. எண் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒவ்வொரு நாணயச்சாலைக்கும் புதிதாகத் தொடங்குவதால், வெறுமனே "வாம் 4" என்று சொல்வதில் பொருளில்லை. "1888 ஓ, வாம் 4" என்று முழுமையாகச் சொல்ல வேண்டும்.

எண்ணின் அளவுக்கும் அருமைக்கும் தொடர்பில்லை. அது பட்டியலில் சேர்ந்த வரிசையை மட்டுமே காட்டும். எண்ணுக்குப் பின்னால் 1ஏ, 1பி என எழுத்து ஒட்டியிருந்தால், அதே அச்சு இணை பின்னர் விரிசலோ, இரு அச்சுகளும் ஒன்றோடொன்று மோதிய தடமோ பெற்ற நிலை என்று பொருள்.

என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும்?

பத்து மடங்கு பெரிதாக்கும் நல்ல லூப் ஒன்று, ஒற்றைப் புள்ளியிலிருந்து ஒளி வரும் மேசை விளக்கு ஒன்று, 0.01 கிராம் வரை காட்டும் எடைக்கருவி ஒன்று. இவை போதும். ட்யூப்லைட் போன்ற பரவலான வெளிச்சத்தில் நுண்ணிய மேடுகள் மறைந்துவிடும். விளக்கைத் தாழ்வாக வைத்து, நாணயத்தை விளிம்பில் பிடித்து மெல்லச் சுழற்றினால் நிழல்கள் நகரும்போது மேடும் பள்ளமும் பிரிந்து தெரியும்.

வகையைத் தேடுமுன் எடையைப் பாருங்கள். மோர்கன், பீஸ் இரண்டுமே 26.73 கிராம் எடையும் 38.1 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டவை. 90 விழுக்காடு வெள்ளி, 10 விழுக்காடு செம்பு. புழக்கத்தில் தேய்ந்தவை சற்றுக் குறையலாம். ஆனால் 20 கிராம் அளவில் நிற்பதற்கும் காந்தத்தில் ஒட்டுவதற்கும் அச்சு வகை தேடி நேரம் செலவிட வேண்டாம்.

நாணயத்தைக் கையில் எடுத்ததும் முதலில் எங்கே பார்ப்பது?

ஆண்டு முதலில், குறி அடுத்தது. மோர்கன் டாலரின் குறி பின்பக்கத்தில், மாலையின் முடிச்சுக்குக் கீழே, "டாலர்" என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளுக்கு மேலே இருக்கும். எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ, ஓ என்றால் நியூ ஆர்லியன்ஸ், சிசி என்றால் கார்சன் சிட்டி, டி என்றால் டென்வர், எதுவும் இல்லையென்றால் பிலடெல்பியா. இந்தப் பழைய வரிசையில் டென்வர் 1921இல் மட்டுமே மோர்கன் டாலரை அச்சிட்டது. கார்சன் சிட்டி 1878 முதல் 1885 வரையிலும் 1889 முதல் 1893 வரையிலும் மட்டுமே அச்சிட்டது. 1887 சிசி என்று ஒன்று கைக்கு வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்ததாக, ஆண்டு எண்ணின் நிலையைப் பாருங்கள். நாணயத்தின் ஓரத்தைச் சுற்றி வரிசையாக இருக்கும் சிறு பற்களில் எந்தப் பல்லுக்கு நேராக 1 என்ற எண்ணின் அடி நிற்கிறது, எண்வரிசை கிடையாக இருக்கிறதா சாய்ந்திருக்கிறதா, கழுத்துக்கு அருகிலா தொலைவிலா என்று குறித்துக்கொள்ளுங்கள். நாணயச்சாலைக் குறியின் உயரத்தையும் சாய்வையும் இதேபோல எழுதி வையுங்கள். இரட்டிப்பு, விரிசல் போன்ற கவர்ச்சியான அடையாளங்களை அதன் பிறகே தேட வேண்டும். பலரும் இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால்தான் பாதி நாணயங்களுக்குத் தவறான எண் ஒட்டப்படுகிறது.

1878 டாலரில் வால் இறகு ஏழா எட்டா என்று எண்ணச் சொல்கிறார்கள். எனக்குப் பத்துப் பன்னிரண்டு நுனிகள் தெரிகின்றனவே?

உங்கள் கண்ணில் குறையில்லை. 1878 மார்ச் 11 அன்று அச்சிடத் தொடங்கிய முதல் டாலர்களில் கழுகின் வாலில் 8 இறகுகள் இருந்தன. 8 இறகு சரியல்ல என்ற விமர்சனம் எழுந்ததும் 7 இறகு கொண்ட புதிய மூல அச்சு செய்யப்பட்டது. ஏற்கெனவே ஆயத்தமாக இருந்த 8 இறகு அச்சுகளில் சிலவற்றைக் கழிக்காமல், அவற்றின் மேலேயே 7 இறகு உருவத்தை அழுத்தினார்கள். அதனால் 7 இறகுகளின் நுனிக்குக் கீழே பழைய இறகுகளின் நுனிகள் எட்டிப் பார்க்கும். நீங்கள் கண்டது இதுவாகவே இருக்க வேண்டும். எத்தனை பழைய நுனிகள் தெரிகின்றன என்பது அச்சுக்கு அச்சு மாறும். எண்ணிக்கையே வகையைப் பிரிக்க உதவும்.

7 இறகு மட்டும் தெளிவாக இருந்தால் வேலை முடிந்துவிடவில்லை. கழுகின் காலில் உள்ள மூன்று அம்புகளில் மேல் அம்பின் இறகைப் பாருங்கள். அது கீழே உள்ளதற்கு இணையாகச் சென்றால், மார்பும் தட்டையாக இருக்கும். இதை 1878இன் பின்பக்கம் என்பார்கள். இறகு சாய்ந்து, மார்பு உருண்டு திரண்டிருந்தால் 1879இன் பின்பக்கம். 1878 பிலடெல்பியா டாலர்களில் இந்த இரண்டுமே உண்டு. 1879 எஸ், 1880 சிசி ஆகியவற்றில் சில பழைய 1878 பின்பக்கத்தோடு வந்திருக்கின்றன, அவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. வால் இறகை எண்ணுவதைவிட இந்த அம்பைப் பார்க்கும் பழக்கம் அதிகப் பயன் தரும் என்பது என் கருத்து, ஏனெனில் வால் தேய்ந்த நாணயத்திலும் அம்பின் சாய்வு பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

எழுத்துகள் இரண்டு இரண்டாகத் தெரிகின்றன. இது இரட்டை அச்சுதானே?

பெரும்பாலும் இல்லை. அச்சு இயந்திரத்தில் சற்றுத் தளர்ந்திருந்தால், அழுத்தி முடித்த கணத்தில் அது அசைந்து எழுத்தின் ஓரத்தைச் சீவித் தள்ளிவிடும். அப்போது எழுத்தின் பக்கத்தில் தட்டையான, பளபளக்கும் படிக்கட்டு போன்ற தளம் உருவாகும், எழுத்தின் மேற்பகுதி வழக்கத்தைவிட மெலிந்திருக்கும். இது இயந்திர இரட்டிப்பு. அச்சில் இருப்பதல்ல, ஆகவே வகையுமல்ல.

உண்மையான இரட்டை அச்சில் எழுத்து தடிக்கும். இரண்டு உருவங்களும் உருண்ட மேடாக, ஏறத்தாழ ஒரே தன்மையில் இருக்கும். எழுத்தின் கால்நுனிகள் மூலையில் பிளந்து இரு கூர்களாகத் தெரியும். 1888 ஓ, வாம் 4 இதற்குச் சிறந்த பாடம். லிபர்ட்டி தேவியின் உதடு, மூக்கு, தாடை மூன்றும் இரட்டித்து, வெறுங்கண்ணுக்கே தெரியும். சேகரிப்பாளர்கள் இதை "ஹாட் லிப்ஸ்" என்று அழைக்கிறார்கள். பெரும்பாலும் தேய்ந்த நிலையில்தான் கிடைக்கும், தேய்ந்தாலும் இரட்டை உதடு மறைவதில்லை. பின்பக்க இரட்டிப்புக்கு 1901, வாம் 3 உதாரணம். அதில் கழுகின் வால் இறகுகள் கீழ்நோக்கி இரட்டித்திருக்கும்.

ஓ எழுத்துக்கு அடியில் ஏதோ இன்னோர் எழுத்து இருக்கிற மாதிரி தெரிகிறது. மேற்பதிவா?

இரண்டு புகழ்பெற்ற நிகழ்வுகள் உண்டு. கார்சன் சிட்டியில் நாணயம் அச்சிடுவது 1893இல் நின்றுபோனது. அங்கே மிஞ்சிய பின்பக்க அச்சுகள் பிலடெல்பியாவுக்குத் திரும்பி வந்தன, வீணாக்காமல் அவற்றின் சிசி குறியின் மேல் ஓ குறியைப் பதித்து நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பினார்கள். 1900 ஓ டாலர்கள் சிலவற்றில் ஓ எழுத்தின் இருபுறமும் இரு சி எழுத்துகளின் வளைவுகள் மேடாகத் தெரிவது இதனால்தான். இப்படிப்பட்ட அச்சுகள் பல இருந்ததால் வளைவின் அளவும் இடமும் மாறுபடும். இன்னொன்று 1882 ஓ. எஸ் குறியின் மேல் ஓ பதிந்த அச்சுகள் மூன்று அறியப்பட்டுள்ளன: வாம் 3, 4, 5.

ஓ எழுத்தின் உள்ளே ஏதேனும் புள்ளியோ கட்டியோ தெரிந்தவுடன் எஸ் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அச்சில் ஓ எழுத்தின் நடுவே நிற்கும் சிறு மேடு உடைந்து விழுந்தாலும் நாணயத்தில் அப்படித்தான் கட்டி தெரியும். எஸ் எழுத்தின் நடுத்தண்டு மேல் இடப்பக்கத்திலிருந்து கீழ் வலப்பக்கத்துக்குச் சரியும். அந்தச் சரிவு சரியான திசையில் இருக்கிறதா என்பதுதான் சோதனை.

ஆண்டு எண்ணிலும் இப்படி மேற்பதிவு உண்டா?

உண்டு. 1887 பிலடெல்பியா வாம் 2, 1887 ஓ வாம் 3 இரண்டிலும் 7இன் காலடியில் 6இன் கீழ்வளைவு மங்கலாகத் தெரியும். 1880 சிசி டாலர்களில் 79இன் மேல் 80 பதிந்த அச்சுகள் உள்ளன. 8இன் வளையத்துக்குள் 7இன் மேற்கோட்டைத் தேடுங்கள். முந்தைய பதிலில் சொன்ன எச்சரிக்கை இங்கும் பொருந்தும்: தெரியும் துண்டு, அந்த எண்ணின் எந்தப் பகுதி என்று காட்ட முடிய வேண்டும்.

கழுகின் வாலுக்குக் கீழே ஆங்கில ஈ எழுத்து ஒன்று தெரிகிறது. யாரோ பொறித்துவிட்டார்களா?

அது மேடாக இருந்தால் யாரும் பொறிக்கவில்லை. வில்லை உள்ளே விழாத நேரத்தில் இரண்டு அச்சுகளும் நேருக்கு நேர் மோதிக்கொண்டால், ஒன்றின் வடிவம் மற்றொன்றில் பதிந்துவிடும். முன்பக்கத்தில் தலைப்பட்டியில் உள்ள "லிபர்ட்டி" என்ற சொல்லின் நான்காம் எழுத்து அப்படிப் பின்பக்க அச்சில் இறங்கியது. தலைப்பட்டி மேலே இருக்கிறது, எழுத்தோ பின்பக்கத்தின் கீழ்ப்பகுதியில் தெரிகிறது. அமெரிக்க நாணயங்களின் இரு பக்கங்களும் ஒன்றுக்கொன்று தலைகீழாக அமைவதே காரணம். ஈ எழுத்தை மேல்கீழாகத் திருப்பினாலும் அதே வடிவம்தான் என்பதால் நேராகவே படிக்க முடிகிறது. 1886 ஓ, 1889 ஓ, 1891 ஓ மூன்றிலும் வாம் 1ஏ என்று இதைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். மோதல் தடம் மட்டும் லேசாக உள்ள மோர்கன் டாலர்கள் ஏராளம், ஈ எழுத்து தெரிபவை மிகக் குறைவு.

கீறல், விரிசல், கட்டி இவற்றில் எது வகை, எது சேதம்?

முதல் பதிலின் விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாணயம் வெளியே வந்த பிறகு விழுந்த கீறல் பள்ளமாக இருக்கும், அதன் ஓரத்தில் உலோகம் ஒதுங்கி நிற்கும். அச்சில் விழுந்த கீறலும் விரிசலும் நாணயத்தில் மேடாக வரும். 1890 சிசி, வாம் 4 நாணயத்தில் கழுகின் வாலிலிருந்து மாலை வரை ஒரு தடித்த கம்பி இறங்குவது அச்சுக் கீறலால் வந்தது. 1888 ஓ, வாம் 1பி நாணயத்தில் லிபர்ட்டியின் முகத்தின் குறுக்கே ஓடும் கோடு, அச்சு உடைந்ததால் வந்தது. அதன் பெயரே "ஸ்கார்ஃபேஸ்".

பட்டப்பெயர் வைத்த வகைகள் எல்லாமே விலை உயர்ந்தவையா?

அப்படி நம்பிப் பணம் கொடுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கிறது. 1891 சிசி, வாம் 3 நாணயத்தில் கழுகின் அலகுக்குக் கீழே ஒரு சிறு கட்டி இருப்பதால் "எச்சில் துப்பும் கழுகு" என்று பெயர். ஆனால் அந்த ஆண்டின் சிசி டாலர்களில் அது எளிதாகவே கிடைக்கும். விலையைத் தீர்மானிப்பவை மூன்று: எத்தனை நாணயங்கள் எஞ்சியிருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள், வேறுபாடு கண்ணுக்கு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

அச்சிட்ட எண்ணிக்கையை நம்பியும் கணக்குப் போட முடியாது. 1918இன் பிட்மன் சட்டத்தின்படி 27 கோடிக்கு மேற்பட்ட வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அதில் மிகப்பெரும் பகுதி, முதல் உலகப்போரின்போது இந்தியாவின் வெள்ளித் தட்டுப்பாட்டைச் சமாளிக்க பிரிட்டனுக்கு விற்கப்பட்ட வெள்ளி. எந்த அச்சின் நாணயங்கள் அந்த உலைக்குப் போயின என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

என்னுடைய 1900 டாலரில் ஓ எழுத்து மிகச் சிறியது. இது அரிய சிறு ஓ வகையா?

இங்கே மிகுந்த கவனம் வேண்டும். 1880 ஓ, 1899 ஓ இரண்டிலும் சிறு ஓ குறி உண்மையானது. 1896, 1900, 1902 ஆகிய ஆண்டுகளின் சிறு ஓ டாலர்கள் நீண்ட காலம் உண்மையான வகைகளாகவே பட்டியலில் இருந்தன. பின்னர் அவை நாணயச்சாலைக்கு வெளியே செய்யப்பட்ட போலிகள் என்று நிறுவப்பட்டது. வெவ்வேறு ஆண்டுகளைத் தாங்கிய நாணயங்கள் ஒரே பின்பக்க அச்சைப் பகிர்ந்துகொண்டது முக்கியத் தடயமாக அமைந்தது.

இவை வெள்ளியில் செய்யப்பட்டவை என்பதால் எடை பார்த்து மட்டும் பிடிக்க முடியாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு டாலர் நாணயத்தில் இருந்த வெள்ளியின் விலை ஏறத்தாழ அரை டாலர்தான். ஆகவே நல்ல வெள்ளியில் போலி செய்தாலும் லாபம் இருந்தது.

அச்சு வகை அறிவால் போலியைக் கண்டுபிடிக்க முடியுமா?

இந்தக் கலையின் மிகப்பெரிய பயன் அதுதான் என்று நினைக்கிறேன். 1893 எஸ் டாலர் 1,00,000 மட்டுமே அச்சிடப்பட்டது. மோர்கன் வரிசையில் அதிகமாகப் போலி செய்யப்படும் நாணயம். உண்மையான 1893 எஸ் அனைத்தும் ஒரே முன்பக்க அச்சிலிருந்து வந்தவை. அந்த அச்சுக்குத் தனி அடையாளங்கள் உண்டு: "லிபர்ட்டி" சொல்லின் ஆறாம் எழுத்தின் மேற்பகுதியில் சாய்வான ஒரு மெல்லிய மேட்டுக்கோடு, ஐந்தாம் எழுத்தின் இடக்காலில் ஒரு சிறு புடைப்பு. வேறொரு நாணயச்சாலையின் 1893 டாலரில் எஸ் குறியை ஒட்டவைப்பவர் குறியைத் திறமையாக ஒட்டிவிடலாம், ஆனால் முன்பக்க அச்சை மாற்ற முடியாது.

1921 மோர்கன் டாலரில் தேட ஏதாவது இருக்கிறதா? பீஸ் டாலரில்?

பழைய மூல அச்சுகள் 1910இல் அழிக்கப்பட்டதால், 1921இல் மோர்கன் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. அதனால் உருவம் தட்டையாக இருக்கும், முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட வேண்டாம். விளிம்பில் உள்ள வரிகளை எண்ணிப் பாருங்கள். வழக்கமான 1921 டாலரில் 189 வரிகள் இருக்கும், 157 வரிகள் மட்டுமே கொண்ட அரிய வகையும் உண்டு. விளிம்பு அச்சில் இல்லை, வில்லையைச் சுற்றியிருக்கும் வளையத்தில் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பீஸ் டாலரில் குறி பின்பக்கத்தில் "ஒன்" என்ற சொல்லுக்குக் கீழே உள்ளது. 1934 டி டாலரில் குறியின் அளவையும் முன்பக்க இரட்டிப்பையும் பாருங்கள். 1935 எஸ் டாலரில் "ஒன்" சொல்லுக்குக் கீழே ஒளிக்கதிர்கள் மூன்றா நான்கா என்று எண்ணுங்கள்.

நாணயம் கருத்துப்போயிருக்கிறது. அடையாளம் தெரியச் சுத்தம் செய்யலாமா?

வேண்டாம். புளியும் விபூதியும் பற்பசையும் குத்துவிளக்குக்கும் வெள்ளிக் கிண்ணத்துக்கும் இருக்கட்டும். தேய்க்கும்போது விழும் நுண்கோடுகள் அச்சு அடையாளங்களை மறைப்பதோடு, நாணயத்தின் மதிப்பையும் பெருமளவு குறைத்துவிடும். கருமைக்குள்ளும் மேடு மேடுதான். நான்காம் பதிலில் சொன்ன தாழ்வான விளக்கைப் பயன்படுத்துங்கள்.

எந்தப் பட்டியலிலும் இல்லாத அடையாளம் கிடைத்திருக்கிறது. புதிய கண்டுபிடிப்பாக இருக்குமா?

இருக்கலாம். புதிய வகைகளும் நிலைகளும் இன்றும் சேர்க்கப்படுகின்றன. ஆனால் முதலில் அது மேடா பள்ளமா என்று உறுதிசெய்யுங்கள். பிறகு அந்த அடையாளத்தை மறந்துவிட்டு, ஆண்டு எண்ணின் நிலை, குறியின் உயரம், சாய்வு இவற்றை மட்டும் கொண்டு இரு பக்க அச்சுகளையும் அடையாளம் காணுங்கள். பல நேரங்களில் அச்சு இணை ஏற்கெனவே பட்டியலில் இருக்கும், உங்கள் நாணயம் அதன் பிந்தைய நிலையாக இருக்கும்.

அப்படியும் பொருந்தவில்லை என்றால், அதே அடையாளத்தோடு இரண்டாவது நாணயம் ஒன்றைத் தேடுங்கள். ஒரே ஒரு நாணயத்தில் உள்ளது விபத்தாகவும் இருக்கலாம், இரண்டில் அதே இடத்தில் அதே வடிவில் இருந்தால்தான் அச்சு சாட்சி சொல்கிறது என்று பொருள். அனுபவமுள்ள ஒருவரிடம் அனுப்பும்போது இரு பக்கங்களின் முழுப்படம், ஆண்டு எண்ணின் அண்மைப்படம், குறியின் அண்மைப்படம், நீங்கள் கண்ட அடையாளத்தை விளக்கின் திசை மாற்றி எடுத்த இரு படங்கள், எடை ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். ஒரே திசையிலிருந்து வரும் ஒளியில் எடுத்த படத்தில் பள்ளமும் மேடாகத் தோன்றக்கூடும் என்பதால்தான் இரு திசைப் படங்கள் கேட்கிறேன்.